கல் நடுவதா, கரையைக் காப்பதா? ஜான் மியூரின் ஏரியும் நம் ஆற்றங்கரையும்

உம்கேனிக்கரை | ஞாயிறு இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சங்கத்தில் மூன்று மாதமாக ஒரே பேச்சு. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து துரத்தப்பட்டு வீடு வாசல் இழந்த குடும்பங்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் வைக்க வேண்டும் என்கிறார்கள். கறுப்புக் கிரானைட் கல், அதில் குடும்பப் பெயர்கள், சுற்றிலும் சிமெண்ட் தரை, இரும்பு வேலி. ஆற்றை ஒட்டிய சரிவில் இடமும் பார்த்தாயிற்று. கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் போன செப்டம்பரில் பார்த்த ஓர் இடம் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. அதை இங்கே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

என் மகள் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, வடக்கே ஒரு மணி நேரம் காரில் போய், போர்டேஜ் என்ற சின்ன ஊரைத் தாண்டி ஓர் ஏரிக்குக் கூட்டிப் போனாள். ஜான் மியூர் சிறுவனாக வளர்ந்த இடம் அது. யோசெமிட்டி 1890-ல் தேசியப் பூங்கா ஆனதற்கு எழுதியும் பேசியும் பாடுபட்டவர். 1892-ல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். பிறந்தது ஸ்காட்லாந்தில் டன்பார் என்ற கடற்கரை ஊரில், 1838-ல். 11 வயதில், 1849-ல், அப்பாவோடு கப்பல் ஏறி இந்த ஏரிக்கரைக்கு வந்தார். சுற்றிலும் ஊற்றுகள் இருந்ததால் அவர்கள் வைத்த பெயர் ஃபவுண்டன் லேக். இன்று அதை என்னிஸ் ஏரி என்கிறார்கள்.

போனதும் நான் வீட்டைத்தான் தேடினேன். நம் பழக்கம் அதுதானே, பெரியவர் ஒருவர் வாழ்ந்த இடம் என்றால் வீடு, கட்டில், மூக்குக்கண்ணாடி என்று கண் போகும். மியூர் குடும்பம் கட்டிய வீடு அங்கே இல்லை. ஏரி இருக்கிறது. கரையில் ஆளுயரக் கோரை, அதற்கு மேல் ஓக் மரங்கள் தள்ளித்தள்ளி நிற்கும் புல்மேடு, ஏரியைச் சுற்றி ஓர் ஒற்றையடிப் பாதை. எங்கோ கொக்குகள் தொண்டை கட்டிய குரலில் கத்தின. வேறு ஒன்றும் இல்லை. ஒரு சுற்று வந்து முடித்தபோது, இந்தப் பையன் ஏன் அப்படி ஆனான் என்று யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

இன்னொன்றைக் கேளுங்கள். தன் பண்ணையிலிருந்து 40 ஏக்கர் புல்வெளியை விலைக்கு வாங்கி வேலி போட்டு, மாடும் பன்றியும் மிதிக்காமல் பூக்களுக்காகவே விட்டுவிட வேண்டும் என்று மியூர் ஆசைப்பட்டிருக்கிறார். அப்போது பண்ணை அவருடைய அக்கா வீட்டுக்காரரிடம் இருந்தது. இன்றைக்கு வேலி போட்டாலும் நாளைக்கு யாராவது பிடுங்கிவிடுவார்கள், நடக்காத காரியம் என்று அவர் சொல்லிவிட்டார். மியூர் பின்னாளிலும் கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. 1914 டிசம்பரில் இறந்தும் போனார். தேசியப் பூங்காக்களுக்கு வாதாடிய மனிதருக்குத் தன் சொந்த ஊர்ப் புல்வெளியைக் காப்பாற்ற முடியவில்லை.

அவர் போய் 43 வருடம் கழித்து, 1957-ல், அந்த மாவட்டத்து மக்கள் ஏரிக்கரையை அவர் பெயரில் பூங்காவாக்கினார்கள். 1990-ல் பண்ணை தேசிய வரலாற்றுச் சின்னமானது. அவருக்கு அவர்கள் செய்த அஞ்சலி, அவர் கேட்டதைத் தாமதமாகவாவது கொடுத்ததுதான்.

நம் சரிவிலும் அப்படிச் செய்ய முடியாதா? கல்லுக்குச் செலவழிக்கும் பணத்தில் அந்த ஆற்றங்கரையையே சீர்படுத்த முடியாதா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

இரண்டாம்_ஆறு | ஞாயிறு இரவு 9.35

அக்கா, நீங்கள் எழுதியதை என் பேத்தி இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். எனக்கு 80 வயது. அந்தச் சரிவில் பிறந்தவன். அதனால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் தாத்தா கரும்புத் தோட்டத்தில் கூலி ஒப்பந்தம் முடித்துவிட்டு வந்து, கேட்டோ மேனரில் குத்தகைக்கு நிலம் பிடித்தார். மடும்பி என்று நாங்கள் சொல்லும் சேப்பங்கிழங்கு, கொத்தமல்லி, பயறு, மிளகாய். ஆயா விடியற்காலை கூடையைத் தலையில் வைத்து மார்க்கெட்டுக்கு நடப்பார்கள். ஆற்றில் குளிப்போம், நண்டு பிடிப்போம். வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம், அதற்குக் கீழே மாரியம்மனுக்கு மூன்று கல். ஜூலு மக்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே 1949 கலவரம் நடந்தபோது எனக்கு நாலு வயது. அந்த இரவைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், எங்களைக் காப்பாற்றியதும் பக்கத்து ஜூலு வீட்டு அம்மாதான். அதற்குப் பிறகும் நாங்கள் போகவில்லை. இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம்தான் எங்களைத் துரத்தியது. 1964-ல் லாரியில் சாமான் ஏற்றி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு வந்தோம். அந்த அம்மா குடும்பத்தை எங்களுக்கு முன்பே, கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய குவா மாஷுவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீடுகளை இடித்தார்கள். கோயில்களை மட்டும் விட்டார்கள். அம்பலவாணர் ஆலயத்தை இன்றும் இரண்டாம் ஆற்றுக் கோயில் என்றுதான் சொல்கிறோம். 1905 வெள்ளத்தில் பழைய கோயில் போய், 1947-ல் மறுபடி கட்டினார்கள். வருஷத்துக்கு ஒரு முறை தீமிதிக்குப் போகும்போது, கோயிலுக்குப் பின்னால் காடாகக் கிடந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். எது யார் வீடு என்று மாமரத்தையும் அவகாடோ மரத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிப்போம்.

அதனால் எனக்குக் கல் வேண்டும் அக்கா. கல்லில் என் தாத்தா பெயர் இருக்க வேண்டும். நம் முன்னோர் செத்த வீரனுக்கு நடுகல் நட்டவர்கள். கல் நடுவது நமக்கு ஒன்றும் அந்நியமான வழக்கமில்லை. புல்லை வளர்த்துவிட்டு இதுதான் நினைவு என்றால் என் பேரப்பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?

கேப்_மழை | திங்கள் காலை 7.20

நான் மதுரைப் பக்கம், வேலைக்காகக் கேப் டவுனுக்கு வந்து 6 வருடம் ஆகிறது. இந்தப் பேச்சில் எனக்கு உங்கள் அளவுக்கு உரிமை இல்லை. ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மியூர் இந்த நாட்டுக்கே வந்திருக்கிறார். 1912 ஜனவரியில், 73 வயதில், தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் கேப் டவுனில் இறங்கி, ரயிலில் விக்டோரியா அருவி வரைக்கும் போனார். சும்மா ஊர் சுற்றவில்லை, பாவோபாப் மரத்தைப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. நம்மூரில் பொந்தன்புளி, ஆனைப்புளி என்போமே, அந்த மரம்தான். அருவிக்கு அருகே அதைக் கண்டபோது தன் வாழ்நாளின் பெரிய மரத் திருநாட்களில் ஒன்றாக அதை எண்ணினார். அந்த வயதிலும் ஒரு மரத்துக்காகக் கடல் தாண்டிய மனிதர்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பேச வேண்டும். இளவயதில் கறுப்பின மக்களைப் பற்றியும் அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றியும் அவர் எழுதியவற்றில் இழிவான சொற்கள் உண்டு. 2020-ல் சியரா கிளப்பே அதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. அந்த ஏரிக்கரையும் காலி நிலம் இல்லை. மெனாமினி, ஹோ-சங்க் மக்கள் வாழ்ந்த பூமி. அவர்களை நகர்த்திய பிறகுதான் அங்கே ஏர் ஓடியது. ஒரு பண்ணைச் சிறுவனின் ஏரி என்று மட்டும் நினைவு வைத்தால், அதற்கு முந்தைய நினைவு அழிந்துபோகும். டர்பனில் இருக்கும் நீங்கள் அந்தத் தவறைச் செய்யக் கூடாது. ஐயா சொன்ன ஜூலு அம்மாவின் பெயரும் அந்த இடத்துக்கு உரியதுதானே?

உம்கேனிக்கரை | திங்கள் காலை 8.05

தம்பி, சரியாகச் சொன்னீர்கள். நான் அதை விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது.

ஐயா, உங்களுக்குப் பதில் மாலையில் எழுதுகிறேன். அவசரமாக எழுத மனசு வரவில்லை.

மரிட்ஸ்பர்க்_அக்கா | திங்கள் பகல் 1.15

மியூர் கதையைக் கேட்டதும் எனக்கு வங்காரி மாத்தாய்தான் ஞாபகம் வந்தார். கென்யாவில் நியேரிக்குப் பக்கத்து இஹிதே கிராமத்தில் 1940-ல் பிறந்தவர். வீட்டுக்கு அருகே பெரிய அத்தி மரம், அவர்கள் மொழியில் மூகுமோ. அம்மா விறகு பொறுக்க அனுப்பும்போது, அந்த மரத்தடியில் மட்டும் சுள்ளி எடுக்காதே, அது கடவுளின் மரம் என்று சொல்லி அனுப்புவாராம். மரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீரோடை. அதில் மணிமணியாக மிதக்கும் தவளை முட்டைகளைப் பாசிமணி என்று நினைத்து எடுத்துக் கழுத்தில் கோக்கப் பார்ப்பாராம் அந்தச் சிறுமி.

அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் மரத்தை வெட்டித் தேயிலை போட்டிருந்தார்கள். ஓடையும் வற்றிவிட்டது. அத்தியின் வேர் பாறை இடுக்கு வரை ஆழமாகப் போய் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும், மழைநீர் நிலத்துக்குள் இறங்கவும் ஊற்றாக மேலே வரவும் அது வழி செய்யும். கடவுளின் மரம் என்று அம்மா சொன்னதற்குள் இவ்வளவு இருந்தது என்று படித்த பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. 1977-ல் கிரீன் பெல்ட் இயக்கம் தொடங்கி, கிராமத்துப் பெண்களை வைத்துக் கோடிக்கணக்கில் மரம் நட்டார். 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

அவருக்கு எத்தனையோ இடங்களில் நினைவுச்சின்னம் வைக்கலாம். ஆனால் அந்த ஓடை திரும்ப ஓடினால் அதுதான் சின்னம் என்பேன். 2011-ல் அவர் இறந்தபோது, தனக்காக மரத்தை வெட்டிப் பெட்டி செய்யக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். மூங்கிலும் ஆகாயத்தாமரை நாரும் பாப்பிரஸ் கோரையும் கொண்டு பெட்டி செய்து, அதில் வைத்துத் தகனம் செய்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் பிடிவாதத்தை இதில் பார்க்கிறேன்.

நம் கோயில்களில் தலமரம் உண்டே. மரத்தையே சாமியாகப் பார்த்தவர்களுக்கு இது புதிதா? நம் இலக்கணத்தில்கூட நிலமும் பொழுதும்தான் முதற்பொருள், ஆள் அப்புறம்தான் வருவார்.

மண்புழு | திங்கள் மாலை 5.50

நான் செடி நாற்றங்கால் வேலை செய்கிறவன், பாழ்பட்ட புல்வெளிகளைத் திரும்பக் கொண்டுவருவது தொழில். ஆசைக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் விஷயங்களைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

முதலில் தீ. டர்பன் மேட்டுப் புல்வெளி தீயோடு வாழப் பழகியது. சில வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முந்தைய குளிர்காலக் கடைசியில் எரிக்காவிட்டால் புதர் ஏறிவிடும், புல்லும் அடிக்கிழங்குப் பூச்செடிகளும் நிழலில் செத்துவிடும். உம்கேனி அக்கா பார்த்த ஏரிமேட்டிலும் இதே கதைதான். குடியேறியவர்கள் வருவதற்கு முன் அடிக்கடி பரவிய புல்தீதான் அங்கே ஓக் மரங்களைத் தள்ளித்தள்ளி நிற்க வைத்திருந்தது. தீ நின்றதும் சில வருடங்களிலேயே அடர்ந்த காடாகிப்போனதை மியூரே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் புல்வெளியைக் காக்கிறவர்கள் இன்று திட்டம் போட்டு எரிக்கிறார்கள். ஆகவே வேலி போட்டுச் சும்மா விட்டால் அது பாதுகாப்பு ஆகாது. வருடம் முழுக்க ஆள் வேண்டும்.

அங்கே இருந்து போனவற்றில் சில திரும்பாது. அவர் சிறுவனாக இருந்தபோது வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறாக்களில் கடைசி ஒன்று 1914 செப்டம்பரில் கூண்டில் செத்தது, அவர் இறப்பதற்கு ஏறக்குறைய நான்கு மாதம் முன்னால். நம் சரிவில் அவ்வளவு மோசமில்லை. போன மாதம் போய்ப் பார்த்தேன். உண்ணிச்செடியும் குரோமோலேனா என்ற களைச்செடியும் மூடிக் கிடந்தாலும், அடியில் வாட்சோனியாக் கிழங்குகள் இருக்கின்றன, ஜூலு மருத்துவர்கள் தேடும் இன்கோம்ஃபே என்ற மருந்துக் கிழங்கு இருக்கிறது. ஓரத்தில் நம் கல்யாண முருங்கைக்குச் சொந்தக்கார மரம் ஒன்று சிவப்பாகப் பூத்து நிற்கிறது. கையால் களை பிடுங்கினால் மூன்று, நான்கு மழைக்காலத்தில் முகம் தெரியும். சாட்ஸ்வொர்த்தில் சில்வர்க்ளென் காப்பகம் இருக்கிறதே, மருந்துச் செடிகளுக்கென்றே நாற்றங்கால் வைத்தார்கள், அங்கே போய்ப் பாருங்கள், நகரத்துக்கு நடுவில் புல்வெளி எப்படி இருக்கும் என்று தெரியும்.

இரண்டாவது, இதைச் சொல்லத்தான் தயங்கினேன். சிரிங்கா மரம். ஆடி மாதக் கூழுக்கு வேப்பிலை கிடைக்காமல் நம் ஆயாமார் இங்கே சிரிங்கா இலையைத்தான் மாரியம்மனுக்குக் கட்டினார்கள். வேம்புக்குச் சொந்தம்தான் அது. ஆனால் இந்த நாட்டுச் சட்டத்தில் அது ஆக்கிரமிப்பு மரம். ஊருக்குள் ஏற்கெனவே நிற்பதை வைத்துக்கொள்ளலாம், புதிதாக நடவோ பரப்பவோ கூடாது. ஆற்றங்கரையில் நின்றால் அதுவும் கிடையாது, எடுத்தே ஆக வேண்டும். பழத்தைப் பறவை தின்று ஆற்றோரம் முழுக்க விதைத்துவிடும். அந்தச் சரிவில், தண்ணீருக்கு ஐந்தடி தள்ளி, மூன்று பெரிய சிரிங்கா நிற்கின்றன.

இரண்டாம்_ஆறு | திங்கள் இரவு 8.25

தம்பி, அந்த மூன்றில் நடுவில் நிற்பதை நட்டது என் ஆயா.

மண்புழு | திங்கள் இரவு 8.40

ஐயா, எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள். தெரிந்திருந்தால் இப்படிப் பொதுவில் எழுதியிருக்க மாட்டேன்.

உம்கேனிக்கரை | திங்கள் இரவு 10.15

காலையிலிருந்து ஐயாவுக்கு என்ன எழுதுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் தாத்தா ஸ்பிரிங்ஃபீல்டில் உம்கேனி ஆற்றுப் படுகையில் காய்கறி போட்டவர். 1917 அக்டோபரில் வெள்ளம் வந்து டின் டவுன் என்ற தகரக் குடிசைக் குடியிருப்பை அடித்துக்கொண்டு போனபோது, வலைபோடும் மீனவர்கள் ஆறு பேர், படவட்டன் குழு என்போமே, படகில் திரும்பத் திரும்பப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கரை சேர்த்தார்கள். தாத்தா அந்தக் கதையை ஆற்றங்கரையில் நின்றுதான் சொல்வார். தண்ணீர் எதுவரை ஏறியது, படகு எந்த வளைவில் திரும்பியது என்று கையை நீட்டிக் காட்டுவார். இன்று அங்கே கடைகளும் கிடங்குகளும் கார் நிறுத்துமிடமும். என் மகளுக்கு நான் அந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது கதையாகவே நின்றுவிட்டது, ஏனென்றால் கை நீட்டிக் காட்ட எனக்கு வளைவு இல்லை.

ஐயா, இதனால்தான் சிமெண்ட் தரை வேண்டாம் என்கிறேன். பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, ஆனால் என் முதல் பதிவில் அப்படித்தான் தொனித்திருக்கிறது. கல் இருக்கட்டும். பாதை தொடங்கும் இடத்தில் உங்கள் தாத்தா பெயரோடு, குவா மாஷுவுக்குப் போன குடும்பங்களின் பெயரோடு, நடுகல் மாதிரியே ஒன்று இருக்கட்டும். ஆனால் கல்லைப் படித்துவிட்டு நம் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்போது எதிரே ஆறு தெரிய வேண்டும். 2022 ஏப்ரல் மழையில் இந்த நகரத்தில் எத்தனை சரிவு சரிந்தது, எத்தனை உயிர் போனது என்று எல்லோரும் பார்த்தோம். அந்த மேட்டில் சிமெண்ட் ஊற்றுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆயா மரத்தைப் பற்றி முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இரண்டாம்_ஆறு | செவ்வாய் காலை 6.10

ராத்திரி முழுக்க யோசித்தேன். பேத்தியிடம் சொல்லித் தட்டச்சு செய்யச் சொல்கிறேன்.

ஆயா சிரிங்காவை விரும்பி நடவில்லை. வேப்பங்கன்று கிடைக்கவில்லை, அதனால் நட்டார்கள். கடைசி வரைக்கும், இது வேம்பு இல்லைடா, வேம்புக்குத் தங்கச்சி என்றுதான் சொல்வார்கள். ஆறு கெட்டுப்போனால்தான் ஆயாவுக்குக் கோபம் வரும். ஆற்றில் சோப்புத் தண்ணி விட்டதற்கே என் முதுகில் அடித்திருக்கிறார்கள்.

மரத்தை எடுங்கள். ஆனால் இரண்டு காரியம். வெட்டுவதற்கு முன் ஆடியில் கடைசியாக ஒரு முறை அதன் இலையைக் கட்டிக் கூழ் ஊற்றிப் படைக்க வேண்டும். வெட்டிய மரத்தில் ஒரு பலகை செய்து, உட்கார்ந்து ஆற்றைப் பார்க்க வைக்க வேண்டும். அந்த இடத்தில் என்ன நடுவது என்று மண்புழு தம்பி சொல்லட்டும்.

மண்புழு | செவ்வாய் காலை 6.55

ஐயா, கரையில் இந்த மண்ணுக்கே உரிய அத்தி நடலாம். ஜூலுவில் உம்கிவானே என்பார்கள். நம் அத்தி மாதிரியே அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பறவைகள் வரும், வேர் கரையைப் பிடிக்கும். மரிட்ஸ்பர்க் அக்கா சொன்ன மரத்துக்கும் உறவு. பலகைக்கு சிரிங்கா நல்ல மரம், கரையான் அவ்வளவாகத் தொடாது. தச்சரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மரிட்ஸ்பர்க்_அக்கா | செவ்வாய் காலை 9.30

கன்றுக்கு நான் பணம் தருகிறேன். நடும் அன்றைக்குக் கட்டாயம் வருவேன்.

கேப்_மழை | செவ்வாய் பகல் 12.40

குவா மாஷுவுக்குப் போன குடும்பங்களை எப்படித் தேடுவீர்கள்? பெயர்ப் பட்டியல் அவர்கள் இல்லாமல் முடிந்துவிடக் கூடாது. ஐயா, அந்த அம்மாவின் குடும்பப் பெயர் நினைவிருக்கிறதா?

இரண்டாம்_ஆறு | செவ்வாய் மாலை 4.15

நினைவிருக்கிறது. இங்கே எழுதவில்லை, முதலில் அவர்கள் பிள்ளைகளைக் கேட்க வேண்டும். அங்கே ஒரு தேவாலயத்தில் விசாரிக்கலாம் என்று பேத்தி சொல்கிறாள். நான் கூட வருவேன், ஜூலு இன்னும் மறக்கவில்லை.

உம்கேனிக்கரை | செவ்வாய் இரவு 9.00

சங்கத் தலைவரிடம் பேசினேன். கல்லைச் சின்னதாக்கிப் பாதையோரம் வைப்பதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேச ஒத்துக்கொண்டார். அதற்கு முன் எல்லோரும் ஒரு முறை சரிவைச் சேர்ந்து நடந்து பார்த்துவிட வேண்டும் என்று கேட்டேன், சரி என்றார். வரும் சனிக்கிழமை காலை 8 மணி, இரண்டாம் ஆற்றுக் கோயில் வாசலில். முழங்கால் வரை பூட்ஸ் போட்டு வாருங்கள், உண்ணிச்செடி கிழிக்கும். கையுறையும் கவ்வாத்துக் கத்தியும் மண்புழு தம்பி கொண்டு வருகிறார்.

ஐயா, உங்களைக் கூட்டி வர நான் சாட்ஸ்வொர்த்துக்கே காரில் வருகிறேன், 7.15-க்கு. இறக்கம் வழுக்கும், நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்வோம். யார் வீடு எங்கே இருந்தது என்று நீங்கள் உட்கார்ந்தபடி கை காட்டுங்கள், என் மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள், அவள் வரைந்துகொள்வாள்.

இரண்டாம்_ஆறு | செவ்வாய் இரவு 9.20

நாற்காலி வேண்டாம். மாமரம் வரைக்கும் நடந்துவிடுவேன். அதற்குக் கீழே அந்த மூன்று கல் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.